பாய்ண்டர் நாய்க்குக் கம்மங்கூழ் போதுமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் மானூர் வட்டாரத்தில் 6 ஏக்கர் மானாவாரி நிலத்தில் சோளமும் உளுந்தும் பயிரிடுகிறேன், 40 வெள்ளாடுகளும் உண்டு. காவலுக்கு கன்னி என்ற நாட்டு இனத்தில் 2 நாய்கள் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து பாய்ண்டர் என்ற வெளிநாட்டு வேட்டை இனத்தில் ஒரு பெட்டைக்குட்டி வாங்கி வந்தேன். அதற்கு இப்போது 14 மாதம், எடை 20 கிலோ. தை அறுவடை முடிந்ததும் கௌதாரி, காடை வேட்டைக்கு அதைப் பழக்க எண்ணுகிறேன். மூன்று நாய்களுக்கும் காலையும் மாலையும் ஒவ்வொரு லிட்டர் கம்மங்கூழும், மதியம் வீட்டில் மிஞ்சிய சோறும் குழம்பும், வாரம் ஒருமுறை கறியும் கொடுக்கிறேன். ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. பாய்ண்டரோ அரை மணி நேரம் ஓடினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றுவிடுகிறது. என்ன தீவனம் கொடுக்க வேண்டும்? பால், கருவாடு கொடுக்கலாமா?

பதில்: தீவனத்துக்கு வருமுன் வேட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கௌதாரி, காட்டுக்காடை, முயல் ஆகிய மூன்றும் காக்கப்பட்ட உயிரினங்கள். மயிலோ மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்லுவது மட்டும் பொருளன்று. பிடிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வது, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது ஆகிய எல்லாமே அதில் அடங்கும். சொந்த நிலத்தில் நடந்தது என்பது விலக்காகாது. தங்கள் தாத்தா காலத்தில் முயலுக்கும் கௌதாரிக்கும் நாயோடு போனது ஊரறிந்த வழக்கமாக இருந்திருக்கலாம். இன்று அதே காரியம் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம் என்பதோடு, கொண்டுபோன வண்டியும் கருவிகளும் பறிமுதலாகவும் இடமுண்டு. மானூருக்குப் பக்கத்திலேயே 2013இல் அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. அங்கிருந்து மான்கள் வயல்களுக்கு வந்து போவதும் உண்டு என்பதால், ஓடுவதைத் துரத்தப் பழகிய நாயை அவிழ்த்துவிடுவது தங்களுக்கு இன்னும் பெரிய வம்பாக முடியலாம். ஆகவே வேட்டைத் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் பதில்.

தாங்கள் வாங்கிய இனத்தின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு துரத்தும் நாய்கள். சில நிமிடங்களில் முழு வேகத்தையும் செலவழித்துவிட்டு ஓய்ந்து நிற்பது அவற்றின் உடல்வாகு. பாய்ண்டர் அப்படியன்று. அது மூக்கால் தேடுவது. காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, புதரில் பதுங்கிய பறவையின் வாசனை எட்டியவுடன் வாலை நீட்டி, பெரும்பாலும் ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்றுவிடும். வேட்டைக்காரர் நடந்து சென்று பறவையை எழுப்பும்வரை அது அசையக்கூடாது என்பதே பயிற்சி. பருவத்தையும் உரிமத்தையும் எண்ணிக்கை வரம்பையும் வகுத்து இவ்வேட்டையை அனுமதிக்கும் ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில், பதுங்கியிருந்து திடீரென்று பறந்தெழும் பறவைகளுக்காகவே இந்நாய்கள் பழக்கப்படுகின்றன. நம் கௌதாரியோ ஆபத்து என்றால் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். உடைமரத்தடியிலும் முட்புதரிலும் புகுந்து ஓடிவிடும். நாய் நின்ற இடத்தில் பறவை இருக்காது. சட்டம் குறுக்கே நிற்காவிட்டாலும் இந்தப் பறவையும் இந்த நாயும் அவ்வளவாகப் பொருந்தா. மேலும் கரையானையும் வெட்டுக்கிளியையும் தின்னும் கௌதாரி மானாவாரிக்காரருக்கு வேண்டிய பறவை. தரையிலேயே முட்டையிடுவதால் வரப்போரம் அலையும் நாயால் அதற்கு வரும் கேடும் கொஞ்சமன்று.

அதற்காக நாயின் மூக்கை வீணாக்க வேண்டியதில்லை. பண்ணைகளில் வளர்க்கும் ஜப்பானியக் காடையின் இறகுகளைத் துணிப்பையில் கட்டி, புல் மறைவில் ஒளித்து வைத்து, 10 மீட்டர் நீளக் கயிற்றில் நாயைப் பிடித்தபடி தேடச் சொல்லுங்கள். பையின் வாசனை கிடைத்து அது நின்றதும் ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுத்தால், சில வாரங்களில் ஒழுங்காக நிற்கப் பழகிவிடும். உயிருள்ள காடையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அது விலங்கு வதையாகும். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் புதர்க்கோழி இனங்களைக் கணக்கெடுக்கவே இவ்வகை நாய்களைக் கொண்டு செல்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனித் தீவனம். தங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கூழில் ஏறத்தாழ 100 கிராம் கம்பு மாவு இருக்கும், மற்றதெல்லாம் தண்ணீர். இரண்டு லிட்டரில் கிடைக்கும் 200 கிராம் கம்பு 700 கலோரியும் 22 கிராம் அளவில் புரதமும் தரும். 20 கிலோ எடையுள்ள நாய் சும்மா காவல் இருப்பதற்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,050 கலோரியும் 50 கிராமுக்குக் குறையாத புரதமும் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடித் தேடும் நாளில் அது 1,500 கலோரியைத் தாண்டும். நாள் முழுதும் உழைத்தால் 2,000க்கும் மேலே போகும். மதியச் சோறு ஓரளவு மாவுச்சத்தை ஈடுகட்டும். புரதத்தையும் கொழுப்பையும் ஈடுகட்டாது. கூழ் குடித்து வயிறு உப்பியிருப்பதால் நாய் மேற்கொண்டு கேட்பதுமில்லை. ஆகையால்தான் தாங்கள் வேளை தவறாமல் கொடுத்தும் உடம்பு தேறவில்லை. கம்பு குற்றவாளியன்று, தண்ணீராகக் கொடுப்பதுதான் குற்றம். அதே கம்பைக் களியாகக் கிண்டிக் கொடுத்தால் பாதி இடத்தில் அதே சத்து அடங்கிவிடும்.

நீண்ட நேரம் ஓடும் நாய்க்கு முதன்மையான எரிபொருள் கொழுப்பு. மனிதர்கள் ஓட்டப் பந்தயத்துக்குமுன் சோறும் வாழைப்பழமும் உண்பதைப் பார்த்து நாய்க்கும் மாவுச்சத்தைக் கூட்டுவோர் உண்டு. நாயின் தசை அந்த வழியில் அமைந்ததன்று. 20 கிலோ நாய்க்கு, வேலையில்லா நாளில், 150 கிராம் கம்பு அல்லது அரிசியைக் குழைய வேகவைத்து, அதோடு 250 கிராம் தோலோடு வேகவைத்த கோழி இறைச்சியும் ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயும் சேர்த்தால் தேவையான 1,050 கலோரியைத் தாண்டிவிடும். கறிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கழுத்து, இரைப்பை, தோல் ஆகியவற்றை நன்றாக வேகவைத்து எலும்பு நீக்கிப் பயன்படுத்தலாம். ஈரல் நல்லதுதான், ஆனால் மொத்த இறைச்சியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் வைட்டமின் ஏ மிகுந்து நாளடைவில் எலும்பைக் கெடுக்கும். ஓடும் நாளில் இறைச்சியை 100 கிராமும் எண்ணெயை இன்னொரு கரண்டியும் கூட்டுங்கள். இம்மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் 10 நாள்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். கொழுப்பைத் திடீரென்று கூட்டினால் கழிச்சலும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் உண்டாகும்.

எலும்பில்லாத இறைச்சியும் தானியமும் கொடுக்கும்போது சுண்ணாம்புச் சத்து கட்டாயம் பற்றாது. முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மாவாக அரைத்து, நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் போதும். உவரி பக்கத்திலிருந்து சாளை மீன் வரும் நாள்களில், அதைக் குக்கரில் முள்ளும் கரையும்படி வேகவைத்து முழுதாக மசித்துக் கொடுத்தால் புரதம், கொழுப்பு, சுண்ணாம்பு மூன்றும் ஒருங்கே கிடைக்கும். வேகவைத்த கோழி எலும்பை மட்டும் அப்படியே போடாதீர்கள். அது கூராக உடைந்து குடலைக் குத்தும்.

தாங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கவலை தந்தது குழம்புதான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஒருநாள் கொஞ்சம் தின்றால் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் மிஞ்சிய குழம்பில் சேர்ந்துவரும் வெங்காயம் மெல்ல இரத்தசோகையை உண்டாக்கிவிடும். அரை மணி நேரத்தில் நாய் ஓய்ந்து நிற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கொக்கிப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் இதே சோகையைத் தருபவை. நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால், தீவனத்தை மாற்றுவதற்கு முன்பாகவே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய்க்கு எவ்வளவு கறி போட்டாலும் உடம்பில் ஒட்டாது. ஆடுகளோடு பழகும் நாய்களாகையால் 3 மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கமும், உண்ணி மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது. வயல் தண்ணீரில் நிற்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும்.

கடலைப் புண்ணாக்கு கொடுக்கலாமா என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மாட்டுக் கொட்டகை உள்ள வீட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை மாடு ஓரளவு தாங்கும். நாயின் கல்லீரல் தாங்காது. அதைத் தொடவே விட வேண்டாம்.

எலும்பு தெரிவதைப் பற்றி: கன்னி நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இயல்பே; அதைக் கொழுக்க வைத்தால் ஓட்டமும் போய் மூட்டும் போகும். பாய்ண்டருக்கு விலாக்கள் கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் மெலிவு. ஆகவே மூன்றுக்கும் ஒரே அளவு வைப்பது சரியன்று. பத்து நாளுக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, தங்கள் எடையைக் கழித்து எழுதி வைத்துக்கொண்டால், யாருக்குக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று தானாகவே தெரியும்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். நிறைந்த வயிற்றோடு ஓடினால் ஆழ்ந்த மார்புடைய இந்த இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படி நேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓடும் நாளில் காலையில் ஒன்றும் வைக்காமல், அல்லது ஒரு கை மோர்ச்சோறு மட்டும் வைத்து, வேலை முடிந்து இரைப்பு அடங்கி ஒரு மணி நேரம் கழித்து முழு உணவையும் கொடுங்கள். தண்ணீருக்கு அந்தத் தடை இல்லை. கால் மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும். இரைக்கும் நாய் மோப்பம் பிடிக்க முடியாது, வாய்வழி மூச்சுவிடும்போது மூக்கு வேலை செய்வது குறைந்துவிடும். எனவே தேடும் நாயின் திறமையில் பாதி தண்ணீரில் இருக்கிறது.

நம் பக்கத்து வெயிலும் கணக்கில் சேர வேண்டும். குளிர்நாட்டு நாய் காலை 7 மணிக்குமேல் கரிசல் தரையில் ஓடக்கூடாது. முதல் வாரம் கால் மணி நேரத்தில் தொடங்கி, 6 வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். திரும்பி வந்ததும் விரலிடுக்கில் நெருஞ்சியும் கருவேலமுள்ளும், காதில் புல்முனையும் உள்ளனவா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளர்ந்த நாய்களில் பல பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் கழியும். மோரும் தயிரும் அந்தத் தொல்லை தருவதில்லை. கருவாட்டில் உப்பு மிகுதி. வேறு வழியில்லாத நாளில், நெத்திலிக் கருவாட்டை இரவு முழுதும் ஊறவைத்து, இருமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்து ஒரு பிடி கலக்கலாம். அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கக்கூடாது.