கேள்வி–பதில்: மின்நிலையத்துக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் காவல் யார்?

கேள்வி: பல நாடுகளில் மின்நிலையங்களும் எரிபொருள் குழாய்களும் தனியார் நிறுவனங்களின் உடைமையாக இருக்கின்றன. தன் சொத்தைக் காப்பது உரிமையாளரின் பொறுப்புதானே? அரசு எதற்காகத் தலையிட வேண்டும்?
– நெய்வேலி வாசகர்

பதில்: சொத்து நிறுவனத்துடையதுதான். ஆனால் அது முடங்கினால் வரும் இழப்பு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு முடிவதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் துறைமுகப் பகுதி வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளும் கொலோனியல் குழாய்வழி, அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுசெல்கிறது. மே 7 அன்று காலை 5 மணிக்குச் சற்று முன், பணம் கேட்டு மிரட்டும் அறிவிப்பு ஒன்றை ஊழியர் ஒருவர் கணினியில் கண்டார். 6.10 மணிக்குள் குழாய்வழி முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது.

‘டார்க்சைடு’ என்ற கும்பல் நுழைந்த வழி, வெளியிலிருந்து நிறுவனத்தின் கணினிகளோடு இணைய உதவும், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய வி.பி.என். கணக்கு ஒன்று. கடவுச்சொல்லைத் தவிர அதற்கு வேறு காவல் இல்லை, செல்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்புவது போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எதுவும் அதில் அமைக்கப்பட்டிருக்கவில்லை. கும்பல் முடக்கியது அலுவலகக் கணினிகளைத்தான். பாதிப்பு குழாயை இயக்கும் கணினிகளுக்கும் பரவிவிடக் கூடாது என்று நிறுவனமே முன்னெச்சரிக்கையாகக் குழாயை மூடியது. மே 12 அன்று ஓட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் தென்கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன, மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தனர், டேங்கர் லாரி ஓட்டுநர்களின் பணிநேர வரம்பைக் கூட மத்திய அரசு தளர்த்த வேண்டியிருந்தது. ஒரு நிறுவனம் மூட மறந்த கணக்குக்கு இத்தனை பேர் விலை கொடுக்க நேரும்போது, அதை அந்த நிறுவனத்தின் உள்விவகாரம் என்று சொல்ல முடியாது.

நிறுவனம் 75 பிட்காயின், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. எனினும் தாக்குதல் தெரிந்த அன்றே எஃப்.பி.ஐ.க்குத் தகவல் சொன்னதால் பணம் போன தடத்தைப் பின்பற்ற முடிந்தது. ஜூன் மாதத்தில் 63.7 பிட்காயின் மீட்கப்பட்டது. அதே வேளையில், இத்தகைய கட்டமைப்புகளின் இணையப் பாதுகாப்புக்கென்றே உள்ள சிசா என்ற மத்திய அமைப்பை நிறுவனம் நேரடியாகத் தொடர்புகொள்ளவில்லை என்று சிசாவின் அப்போதைய தற்காலிகத் தலைவர் செனட் குழுவிடம் தெரிவித்தார். யாருக்கு, எப்போது சொல்வது என்பதை நெருக்கடி வருமுன்பே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கடுமையான விதிகளைப் போட்டுவிட்டால் போதுமே. ‘ஒத்துழைப்பு’ என்ற மென்மையான சொல் எதற்கு?
– கோவை, கல்லூரி மாணவி

பதில்: விதி கட்டாயம் வேண்டும். கொலோனியல் நிகழ்வுக்கு முன் குழாய்வழிகளுக்கு இருந்தவை விருப்பத்தின் பேரில் பின்பற்றும் வழிகாட்டுதல்கள் மட்டுமே. அவற்றின் பலனைப் பார்த்துவிட்டோம். விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்தான் அமெரிக்காவில் குழாய்வழிகளின் பாதுகாப்புக்கும் பொறுப்பு. அது 2021 மே இறுதியில், தாக்குதலை 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஜூலையில் வந்த இரண்டாவது ஆணை, தொழில்நுட்ப நடவடிக்கைகளையும் வரையறுத்துச் சொன்னது. அலுவலகக் கணினிக்குப் பொருந்தும் விதிகளை, நிறுத்தாமல் இயங்க வேண்டிய பம்புகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அது நியாயமான எதிர்ப்பு என்றே கருதுகிறேன். 2022இல் ஆணை திருத்தப்பட்டது: எட்ட வேண்டிய இலக்கை அரசு சொல்லும், வழியை நிறுவனம் தேர்ந்தெடுக்கலாம். தகவல் சொல்வதற்கான நேரமும் 24 மணியாக்கப்பட்டது.

விதியால் மட்டும் பெற முடியாதது, உண்மையை உடனே சொல்லும் துணிவு. ஒப்புக்கொண்டால் அபராதமும் வழக்கும் வரும் என்று அஞ்சும் நிறுவனம், சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு வரியும் சொல்லாது. வட அமெரிக்க மின் துறைக்கென உள்ள தகவல் பகிர்வு மையம், விதிமீறலுக்கு அபராதம் விதிக்கும் அதே நிறுவனத்தின் கீழ் இயங்கினாலும், அங்கு வரும் தகவல் அபராதப் பிரிவின் கைக்குப் போகாதபடி பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடுப்புச் சுவர் மிகவும் முக்கியமானது.

உக்ரைனைப் பாருங்கள். 2015 டிசம்பர் 23 அன்று ஒரு மின் விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஊழியரின் கண்முன்னே மவுஸின் அம்புக்குறி தானாக நகர்ந்து, துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மின்னோட்டத்தைத் துண்டித்தது. மூன்று நிறுவனங்களின் சுமார் 2,25,000 நுகர்வோர் இருளில் மூழ்கினர். ஊழியர்கள் வண்டிகளில் நேரில் சென்று கையால் இணைப்பைத் திரும்பக் கொடுத்தனர். அந்நாட்டு அரசும் நிறுவனங்களும் நடந்ததை வெளிநாட்டு வல்லுநர்களிடம் திறந்து காட்டியதால் உலகின் மின் துறை முழுவதும் பாடம் கற்றது. 2022 ஏப்ரலில் துணைமின் நிலையங்களைக் குறிவைத்து வந்த தாக்குதலை, உக்ரைன் அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவும், கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட்டும், மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து முறியடித்தன.

கேள்வி: ஆபத்து கணினி வழியாக மட்டும்தானா?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. 2013 ஏப்ரல் 16 அன்று கலிபோர்னியாவின் மெட்கால்ஃப் துணைமின் நிலையத்தில், முதலில் தொலைபேசிக் கம்பிகளை வெட்டிவிட்டுத் துப்பாக்கியால் சுட்டு 17 டிரான்ஸ்ஃபார்மர்களைச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டே முக்கிய நிலையங்களின் நேரடிப் பாதுகாப்புக்குக் கட்டாய விதி வகுக்க அரசு உத்தரவிட்டது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நிறுவனங்கள் உதிரி டிரான்ஸ்ஃபார்மர்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்திருப்பது வேலி உயரத்தைக் கூட்டுவதைவிடப் பயனுள்ள ஏற்பாடு.

கேள்வி: கூடங்குளம் கணினியில் ஊடுருவல் நடந்ததே, நம் நாட்டில் நிலைமை என்ன?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: 2019 செப்டம்பர் 4 அன்று, மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்–இன் இந்திய அணுமின் கழகத்துக்குத் தகவல் தந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதனோடு தொடர்பற்றது. அரசுக்கும் கழகத்துக்கும் இடையே தகவல் ஒழுங்காகவே நகர்ந்திருக்கிறது. ஆனால் அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு அறிக்கை வந்தது. மறுநாளே கழகம் ஊடுருவலை ஒப்புக்கொண்டது. சுற்றுவட்டார மக்கள் ஏற்கெனவே அச்சத்தோடு வாழும் இடத்தில் அந்த ஒருநாள் மறுப்பு நேர்ந்திருக்கவே கூடாது.

அதன் பிறகு, 2021இல் மத்திய மின்சார ஆணையம் மின் துறை நிறுவனங்களுக்கு இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2022 முதல் செர்ட்–இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இந்த நேரவரம்பு பெரிய கழகங்களுக்குச் சாத்தியம். ஆனால் தமிழ்நாட்டில் மின்தொகுப்போடு இணைந்துள்ள சிறு காற்றாலை, சூரிய மின் உற்பத்தியாளர்கள் பலரிடம் கணினிப் பாதுகாப்புக்கென ஓர் ஊழியர்கூட இருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் இரவில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் தருவதுதான் மின்வாரியமும் மத்திய அரசும் முதலில் செய்ய வேண்டிய வேலை.