பொறந்தநாள் வீடியோ கால்ல "சின்ன வயசுல என்னவாக ஆசைப்பட்டீங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது?

கேள்வி: அக்கா, எனக்கு ஆன்லைன்ல பழக்கமான ஒரு சின்ன கூட்டம் இருக்கு, பினாங்கு அண்ணன், சென்னை தங்கச்சி, மொரீஷியஸ் அக்கா. நேர்ல யாரையும் பாத்ததில்ல, ஆனா ரெண்டு நாள் நான் மெசேஜ் போடலன்னா தேடுவாங்க. அடுத்த மாசம் என் பொறந்தநாளுக்கு வீடியோ கால் போட்டு கேக் வெட்டலாம்ங்கறாங்க. போன வாரம் சின்ன வயசுல யாருக்கு என்ன வேலைக்கு போக ஆசைன்னு பேச்சு வந்துச்சு. அண்ணன் ரயில் டிரைவர்ன்னாரு, தங்கச்சி ஏர்ஹோஸ்டஸ்ன்னா, மொரீஷியஸ் அக்கா டீச்சராகணும்னு நெனச்சு டீச்சராவே ஆயிட்டாங்களாம். நான் "எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல"ன்னு போட்டுட்டு போன வச்சிட்டேன். பொய் அக்கா, வக்கீலாகணும்னு கெடந்தேன். 1996ல பத்தாவது பாஸ், அப்புறம் காலேஜ மூடிட்டாங்க, தெறக்கறதுக்குள்ள கல்யாணம். இப்ப மளிகைக் கடை. பொறந்தநாள் அன்னிக்கு மறுபடி அந்த பேச்ச எடுப்பாங்க. வீட்டுக்காரர் வேற "மூஞ்சி பாக்காதவங்களோட என்ன பொறந்தநாள்"ங்கறாரு. வேணாம்னு சொல்லிடவா?
(பெயர் வேண்டாம், யாங்கோன், பர்மா)

பதில்: தங்கச்சி, வேணாம்னு சொல்லாதீங்க. ரெண்டு நாள் காணோம்னா தேடுறவங்க ஒரு நாள் ஒக்காந்து உங்களுக்காக பாட்டு பாடணும்ங்கறாங்க, அத ஏன் தள்ளிவிடணும்.

கேக் வெட்டுறத விட எனக்கு அந்த "ஒண்ணும் இல்ல"தான் மனச உறுத்துது. படிக்க முடியாமப் போனது என்னமோ உங்க குத்தம் மாதிரி அத மறைக்கறீங்க. 1996 டிசம்பர்ல நம்ம பர்மாவுல மாணவர் போராட்டம் நடந்துச்சு, அதோட மூடுன காலேஜுங்க பெரும்பாலும் 2000 வரைக்கும் தெறக்கல. அதுக்கு முன்னாடி 1988ல மூடுனதும் லேசுல தெறக்கல, 1991 வரைக்கும் இழுத்துச்சு. பாஸ் பண்ண பேப்பர வச்சுக்கிட்டு வீட்ல ஒக்காந்திருந்த பிள்ளைங்க நம்ம தெருவுக்கு தெரு இருந்தாங்க. பையன்கள கடையில ஒக்கார வச்சாங்க, பொண்ணுங்கள தையல் கிளாஸுக்கு அனுப்புனாங்க, "காலேஜ் தெறந்ததும் போகலாம்மா"ன்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டே இன்னொரு பக்கம் பீரோவுலேர்ந்து ஜாதகத்த வெளிய எடுத்தாங்க. நீங்க மார்க் வாங்கல, முயற்சி பண்ணலன்னு இதுல எங்க இருக்கு? வாசல்ல பூட்டு தொங்குனா உள்ள போக முடியாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் பினாங்கு அண்ணனுக்கும் சென்னை தங்கச்சிக்கும் எப்படி தெரியும், நாம சொன்னாதானே தெரியும். "பத்தாவது பாஸ்"னு மட்டும் சொன்னா சென்னையில அரைகுறையா நிறுத்துன படிப்புன்னுதான் நெனப்பாங்க, அங்க பன்னெண்டு முடிச்சுதான் காலேஜ். நம்ம காலத்துல இங்க பத்தாவதுதான் கடைசி பரீட்சை, அதுக்கப்புறம் நேரா யுனிவர்சிட்டின்னு சேத்து சொல்லுங்க. நீட்டி முழக்க வேணாம், "நான் வக்கீலாகணும்னு நெனச்சேன், நாலு வருஷம் காலேஜே தெறக்கல"ன்னு ரெண்டு வரி போதும். கண்ணு கலங்குச்சுன்னா கலங்கட்டும். யாராவது "இப்பவும் படிக்கலாமே"ன்னு ஆரம்பிப்பாங்க, நல்ல மனசோடதான் சொல்வாங்க, ஆனா அதுக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு இல்ல. அப்புறம் அந்த வக்கீல் ஆசை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க, எந்த சண்டைய பாத்து, யாருக்காக பேசணும்னு தோணுச்சு, எனக்கே அதக் கேக்கணும்போல இருக்கு. அந்த டீச்சர் அக்காவும் பேசுறதுக்கு அங்கதான் எடம் கெடைக்கும்.

நம்ம ஊர்லேர்ந்து நீங்க குடுக்கறதுக்கும் ஒண்ணு இருக்கு. எல்லாரையும் அவங்க பொறந்த கெழமைய முன்கூட்டியே பாத்து வைக்க சொல்லுங்க. பர்மாவுல கெழமைக்கு ஒரு மிருகம் உண்டுல்ல, திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், வியாழன் எலி, வெள்ளி கினிப்பன்னி, சனி நாகம், ஞாயிறு கருடன். புதன்கெழமைய மட்டும் ரெண்டா பிரிப்பாங்க, மதியத்துக்கு முன்னாடி பொறந்தா தந்தம் உள்ள யானை, பின்னாடி பொறந்தா தந்தம் இல்லாத யானை, அதனால புதன்காரங்க அம்மாகிட்ட போய் நேரமும் கேட்டுட்டு வரணும். காலையில கோயில்ல அர்ச்சனைய முடிச்சிட்டு அப்படியே ஷ்வேடகோன் பகோடாவுக்கு போயி உங்க கெழமைக்குன்னு இருக்கற மூலையில புத்தர் சிலைக்கு தண்ணி ஊத்திட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அவங்க யாரும் அவங்க ஊர் பொறந்தநாள்ல இத பாத்திருக்க மாட்டாங்க, அரை மணி நேரம் இதுலயே ஓடிடும்.

கேக்குக்கு அலையாதீங்க. ரவையும் தேங்காப்பாலும் போட்டு மேல கசகசா தூவி, மேலயும் கீழயும் தணல் வச்சு எடுப்பாங்களே சனுவின் மக்கின், அதுல ஒரு துண்டு வாங்கி மெழுகுவத்தி குத்துங்க. மேல் பக்கம் செவந்து ஓரம் லேசா கருகுன துண்டா கேட்டு வாங்குங்க, அதுக்குதான் ருசி.

நேரம் நைட் எட்டு மணின்னு வச்சா சென்னையில ஏழு, பினாங்குல ஒம்போதரை, மொரீஷியஸ்ல சாயங்காலம் அஞ்சரை, எல்லாருக்கும் ஒத்து வரும். அன்னிக்கு உங்க ஏரியாவுல கரண்ட் எப்ப வரும்னு பாத்துட்டு நேரத்த சொல்லுங்க, பவர்பேங்க் ஃபுல்லா சார்ஜ் போட்டு வைங்க, லைன் இழுத்துச்சுன்னா வீடியோவ ஆஃப் பண்ணிட்டு குரல்ல பேசுங்க, பாதியில கட்டானா யார் திரும்ப கூப்பிடறதுன்னும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. அடையாள அட்டை நம்பர், பேங்க் விவரம் எதையும் குரூப்ல போடாதீங்க, அது எவ்வளவு நெருங்குனவங்களா இருந்தாலும் சரி.

வீட்டுக்காரர் பேச்சுல கோவம் இருக்கறதா எனக்கு தெரியல, தன்னை வெளிய விட்டுட்டீங்களோன்னு ஒரு சங்கடம் இருக்கலாம். வீடியோ கால் அப்ப பக்கத்துல ஒக்கார வைங்க, மூஞ்சி தெரியலங்கறவர் மூஞ்சிய பாத்து ஒரு வணக்கம் சொல்லட்டும். இன்னொண்ணு, அவரு சின்ன வயசுல என்னவாகணும்னு நெனச்சாருன்னு உங்க லெட்டர்ல இல்ல. இத்தன வருஷத்துல அத நீங்க கேட்டிருக்கீங்களா? அந்த கூட்டம் கேக்கறதுக்கு முன்னாடி, இன்னிக்கு கடைய மூடுறப்ப நீங்க கேளுங்க.