நீலக் காரைக் கறுப்பாக்கும் முன்

கேள்வி: உப்புவெளியில் வசிக்கிறேன். லீசிங்கில் எடுத்த பிவைடி சீல் மின்சாரக் கார், நீல நிறம். அதற்குப் பளபளப்பில்லாத கறுப்பில் ஸ்டிக்கர் ஒட்டி, முன் பம்பரையும் பின் ஸ்பொய்லரையும் மாற்றி, 20 அங்குல ரிம் போட ஆசை. மின்சாரக் காரில் கை வைத்தால் பற்றரி உத்தரவாதம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தெரிந்த ஒருவர் கொழும்பிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, கடை விலையில் பாதிக்கு, வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமாற்றமும் சேர்த்து வீட்டிலேயே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஸ்டிக்கர் ஒட்டலாம். அந்தத் தெரிந்தவரை வைத்துச் செய்யாதீர்கள்.

பற்றரி உங்கள் காரின் அடித்தளத்தில் படுத்திருக்கிறது. கதவிலும் பொனற்றிலும் ஒட்டும் ஸ்டிக்கர்ப் படலம் அதன் பக்கம்கூடப் போவதில்லை. நீங்கள் மாற்றிய பாகத்துக்கும் அதனால் கெட்டுப்போனதற்கும் உத்தரவாதம் கேட்க முடியாது, அவ்வளவுதான். பிவைடி முகவரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வாய்ப்பேச்சு வேண்டாம். பற்றரியை நினைத்து அஞ்ச வேண்டிய இடம் வேறு. பக்கவாட்டுப் பாவாடை என்ற அலங்காரப் பட்டியைப் பொருத்துகிறோம் என்று கதவுக்குக் கீழே துளை போட எவரையும் விடாதீர்கள். இந்தக் காரில் பற்றரியின் மேல்மூடியே காரின் தரையாகவும் இருக்கிறது. ஜாக்கியும் அதற்கென்று குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இனிப் பாதி விலைக்காரருக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருடம் அடக்கி வைத்த ஆசையை மோப்பம் பிடித்து ஒரு கூட்டம் ஊர் ஊராக இறங்கியிருக்கிறது. கடை கிடையாது, பில் கிடையாது, ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கும்.

அவர் லாபம் பார்ப்பது படலத்தில். ஸ்டிக்கருக்குப் பயன்படும் வைனில் என்ற பிளாஸ்டிக் படலம் இரண்டு வகை. திரவமாக ஊற்றிக் காயவைத்தது ஒன்று. கடைக்காரர்கள் காஸ்ட் என்பார்கள். இது வளைவில் அப்படியே படிந்து கிடக்கும். மற்றது உருளைகளுக்கிடையில் அழுத்தி இழுத்தது. இழுத்த பராட்டா மாவு கையை எடுத்ததும் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் அதே குணம். திருகோணமலை வெயிலில் சில மாதங்களிலேயே கதவு ஓரத்திலும் பக்கக் கண்ணாடிக் கூட்டின் வளைவிலும் சுருங்கி எழும்பும். உரித்தால் பசை காரிலேயே தங்கிவிடும். விலை குறைவது இந்த வகையில்தான்.

பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பாதீர்கள். நல்ல கம்பனியின் பெட்டிக்குள் வேறு சுருள் இருப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. சுருளைக் கொஞ்சம் விரிக்கச் சொல்லிப் படலத்தின் பின்னால் இருக்கும் தாளைப் பாருங்கள். பெயர் பெற்ற கம்பனிகள் அந்தத் தாளிலேயே தங்கள் பெயரை வரிசையாக அச்சடித்திருக்கும். வெறும் வெள்ளைத் தாள் என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கத்தி. தொழில் தெரிந்தவர் நூல் பதித்த நாடாவை முதலில் ஒட்டி, பிறகு நூலை இழுத்துப் படலத்தை வெட்டுவார். அவசரக்காரர் காரின் மேலேயே பிளேடை ஓட்டுவார். பெயின்டில் விழும் அந்தக் கோடு மயிரிழைதான். தகடு வரை இறங்கினால் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். படலத்துக்கு அடியில் துரு வளர்வது உரிக்கும் நாள்வரை உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தத் தொலைபேசி இலக்கமும் வேலை செய்யாது. வீட்டு முற்றத்தில் ஒட்டுவதாகச் சொல்வதையும் ஏற்காதீர்கள். கச்சான் காற்றில் பறக்கும் மணல் ஒவ்வொன்றும் படலத்துக்கு அடியில் பருவாக நிற்கும். மூடிய, தூசியில்லாத அறை வேண்டும்.

புத்தக விடயம். பதிவுச் சான்றிதழில் உங்கள் காரின் நிறம் நீலம். கறுப்பாக்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். லீசிங் முடியும்வரை சட்டப்படி கார் லீசிங் கம்பனியினுடையது. ஆகவே அவர்களின் சம்மதக் கடிதம் முதலில். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். கார் துறைமுகத்தில் இறங்கும்போதே ஒரு சதம் விடாமல் வரி வாங்கத் தெரிந்த நாட்டில், ஒரு நிறத்தைத் திருத்த ஏன் இத்தனை மேசை, இத்தனை கையொப்பம் என்று கேட்டால் பதிலில்லை. அந்த அலுப்பில்தான் தரகர் பிழைக்கிறார். அவர் காட்டும் முத்திரை குத்திய போட்டோப் பிரதி திருத்தம் ஆகாது. உங்கள் கையில் திருத்திய சான்றிதழ் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பலர் குழம்புவதால் விரிவாகவே சொல்கிறேன். பெயின்டைக் காக்க ஒட்டும் நிறமற்ற தடித்த படலம் நிறமாற்றமல்ல. நீலம் நீலமாகவே தெரியும். புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. அதிலேயே பளபளப்பைக் குறைக்கும் வகையும் இருக்கிறது. அதை ஒட்டினால் கார் மங்கிய நீலமாகத் தெரியும், ஆனாலும் நீலம்தான். வீதியில் மறிக்கும் பொலிஸ் அலுவலர் புத்தகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்க்கலாம், பார்க்கட்டும். ஆனால் கூரையை மட்டும் கறுப்பாக்கினேன், பக்கக் கண்ணாடிக் கூடுகளை மட்டும் சிவப்பாக்கினேன் என்று இந்த விலக்குக்குள் நுழையாதீர்கள். லேசான சாயம் கலந்த ‘புகை’ நிறப் படலத்தையும் நிறமற்றது என்று விற்கிறார்கள், அது நிறமற்றதல்ல. உங்களுக்குப் பளபளப்புத்தான் பிடிக்கவில்லை என்றால், கறுப்பை மறந்துவிட்டு இந்த மங்கல் படலத்தையே போடுங்கள். விலை கூடும், கச்சேரி அலைச்சல் மிச்சம்.

முன் பம்பரை மாற்றாதீர்கள். அங்கே முன்னால் போகும் வாகனத்தைப் பார்க்கும் ரேடார் இருக்கிறது. உலோகத்தூள் கலந்த படலமோ தடித்த பட்டியோ அதன் முன் வந்தால் காரின் தானியங்கி பிரேக் குருடாகும். தள்ளிக்கொண்டு வெளிவரும் கதவுக் கைப்பிடிகளிலும் படலத்தின் ஓரம் சிக்காமல் கவனியுங்கள். ஸ்பொய்லர் நகருக்குள் அழகுக்கு மட்டும்தான். கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொழும்புக்கு வேகமாக ஓடும்போது காற்றின் எதிர்ப்பைக் கூட்டிச் சார்ஜைத் தின்னும். காற்று வழுக்கிப் போகவென்றே வடித்த கார் இது.

ரிம் 20 அங்குலமாகும்போது டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகும். குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்கு. கார் தனியாகவே கிட்டத்தட்ட இரண்டு தொன். டயரில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும், 95 என்றால் 690 தான். இப்போதுள்ள எண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். பழைய ரிம்களை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுவதாகவும் உங்கள் தெரிந்தவர் சொல்வார். கொடுக்காதீர்கள்; லீசிங் முடியும்வரை அவையும் கம்பனியின் சொத்து.