அடியே இல்லாத கூடையில் மீன் எப்படிச் சிக்குகிறது?

அசாமில் பிரம்மபுத்திரா வெள்ளம் வடிந்தபின் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும் ஏரி போன்ற நீர்நிலையை 'பீல்' என்பார்கள். அங்கே மீன் பிடிக்கும் மூங்கில் கூடை 'போலோ'. மேலே குறுகிய வாய், கீழே அகன்ற வாய், அடி கிடையாது. நம்மூர் ஊத்தாவும் இதே சங்கதிதான்.

மழைக்காலத்தில் ஆறு கரைபுரளும்போது மீன்கள் பீலுக்குள் பரவி வளர்கின்றன. ஜனவரி வாக்கில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும், எல்லாம் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். அப்புறம் தூண்டில் எதற்கு? அசாமின் அறுவடைத் திருவிழாவான மாக் பிஹுவுக்கு முந்தின நாளான உருகாவை ஒட்டி ஊரே வரிசையாக இறங்கி, கூடையைச் சேற்றில் குத்திக் குத்தி நடக்கும். தண்ணீர் கலங்கிவிடுவதால் மீனுக்கு வழி தெரியாது. கோழிக்குஞ்சைப் பஞ்சாரம் போட்டு மூடுவது போலத்தான். உள்ளே மாட்டிய மீன் மூங்கில் குச்சியில் டக் டக்கென்று மோதுவது கையில் தெரியும். மேல் வாய் வழியே கைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டியதுதான். (கெளுத்தி என்றால் முள் குத்தும், பார்த்து!)

கூடையைத் தூக்கினால் மீனும் கூடவே வரும் என்று பலர் நினைக்கிறார்கள்; மீன் கைக்கு வரும்வரை கூடையைச் சேற்றில் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும், தூக்கினால் அடிவழியே ஓடிவிடும்.