எண்ணெய் தேய்த்துக் குளித்தும் பிசுபிசுப்பு போகவில்லையா?

நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக் குளிக்கிறேன், இரண்டு முறை சோப்பு போட்டும் பிசுபிசுப்பு போகவில்லை, துண்டெல்லாம் சிக்கு வாடை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் எண்ணெயா! அங்கேயே காரணம் இருக்கிறது. உடம்பு முழுவதற்கும் 3 அல்லது 4 மேசைக்கரண்டி தாராளம்.

அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி. கை கால்களில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக, வயிற்றில் வலஞ்சுழியாகத் தேயுங்கள். உள்ளங்காலைக் கடைசியாக, உட்கார்ந்தபடியே தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். குளியலறையில் வழுக்கி விழுவது எண்ணெய்க் காலோடு எழுந்து நடப்பதால்தான்.

15 முதல் 20 நிமிடம் ஊறினால் போதும். அப்புறம் தண்ணீர் ஊற்றும் முன்பே, உலர்ந்த பயத்தமாவை உடம்பில் தேயுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சித் திரிதிரியாக உருண்டு உதிரும். அதற்குப் பிறகு வெந்நீர் விட்டால் சோப்புக்குப் பெரிய வேலையே இருக்காது.

துண்டுக்குப் பழையது ஒன்றை ஒதுக்கி, உடனுக்குடன் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவையுங்கள். எண்ணெய் போகாத துணியை டிரையரில் போட்டுச் சூட்டோடு குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

காய்ச்சலோ அஜீரணமோ இருக்கும் நாளில் எண்ணெய்ப் பக்கமே போக வேண்டாம்.