சொல்லைப் பிறகு கொடுங்கள், செடியை முதலில் கொடுங்கள்

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒருவித்திலை, இருவித்திலை, நீராவிப்போக்கு என்று பாடத்தில் வருகிற கலைச்சொற்களைப் பத்து தடவை எழுத வைக்கிறேன். பிள்ளைகள் ஒப்பித்தும் விடுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஓர் ஆசிரியை

பதில்: பத்து தடவை எழுதினால் கைக்குத்தான் பழகும் டீச்சர். முதல் நாள் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதவே வேண்டாம்.

உங்கள் ஊரில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிப்பார்கள் இல்லையா, அறுப்பு முடிந்ததும் நெல் தாளுக்கு நடுவே உளுந்து பச்சையாக எழுந்து நிற்கும். ஒருவித்திலையும் இருவித்திலையும் ஒரே வயலில்! ஒரு நெல் தூரையும் ஒரு உளுந்துச் செடியையும் வேரோடு பிடுங்கி வரச் சொல்லுங்கள், மண்ணை அலசி மேசையில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், பிள்ளைகள் பேசட்டும். நெல்லுக்கு வேர் தாடி மாதிரி கொத்தாக இருக்கிறது, உளுந்துக்கு நடுவில் ஒன்று நேராக இறங்குகிறது என்று அவர்களே சொல்வார்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றில் நரம்பு கோடு போட்ட மாதிரி ஓடும், இன்னொன்றில் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். அப்புறம் இட்லிக்கு ஊறப்போட்ட முழு உளுந்தில் நாலு எடுத்துத் தோலை உரித்து அழுத்தச் சொல்லுங்கள். இரண்டாகப் பிரியும். நெல்லில் அது நடக்காது.

இதற்கெல்லாம் என்ன பேர் வைக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். 'தாடி வேர்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் எழுதுங்கள், பக்கத்தில் 'சல்லி வேர்' என்று புத்தகச் சொல்லை எழுதுங்கள். வித்து என்றால் விதை, விதைக்குள் இருக்கிற இலை வித்திலை, அது ஒன்று இருந்தால் ஒருவித்திலை என்று சொல்லை உடைத்துக் காட்டுங்கள். தமிழ்க் கலைச்சொற்களில் பாதிக்கு மேல் இப்படி உடைத்தாலே பொருள் தெரிந்துவிடும். ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு எல்லாம் அப்படித்தான். இந்த வசதியை விட்டுவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் நாலு கட்டம் போடுங்கள். 1969-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃப்ரேயரும் உடன் இருந்தவர்களும் கொடுத்த முறை இது. நடுவில் சொல், சுற்றிலும் விளக்கம், தன்மைகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது. கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், உயிரே அதில்தான் இருக்கிறது. தென்னையை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய மரம் நெல்லோடு எப்படிச் சேரும் என்று பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். வேரைப் பார், மட்டையில் கீற்றைக் கிழித்து நரம்பைப் பார் என்று மீதிப் பேர் பதில் சொல்வார்கள். அந்தச் சண்டையில் 'ஒருவித்திலை' என்ற சொல் இருபது தடவை வாயில் வந்துவிடும், அதுவும் பொருளோடு.

வாரத்துக்கு ஐந்தாறு சொல் போதும். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை அதே சொல்லைப் பேச்சில் இழுங்கள்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பாடம் நன்றாகத் தெரிகிறது, வாயால் கேட்டால் சொல்கிறாள், தேர்வில் மட்டும் மதிப்பெண் போய்விடுகிறது. ஏன்?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அவள் விடைத்தாளைப் பாருங்கள் அம்மா. 'வேறுபடுத்துக' என்ற கேள்விக்கு இரண்டைப் பற்றியும் தனித்தனியாக எழுதி வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். விளக்குக, ஒப்பிடுக, வேறுபடுத்துக, காரணம் கூறுக - எல்லாப் பாடத்திலும் வருகிற சொற்கள், ஆனால் எந்தப் பாடத்திலும் இவற்றைச் சொல்லித்தருவதில்லை. இசபெல் பெக் என்ற கல்வியாளரும் உடன் பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: வீட்டில் தானாக வருவது முதல் அடுக்கு, ஒரு துறைக்கே உரியது மூன்றாவது, பல பாடங்களிலும் திரும்பத் திரும்ப வருவது நடு அடுக்கு. வகுப்பில் அதிகக் கவனம் இந்த நடு அடுக்குக்குத்தான் வேண்டும் என்பது அவர்கள் கட்சி, என் கட்சியும் அதுவே. வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம். குறுவையையும் சம்பாவையும் வேறுபடுத்து என்று தாத்தா கேட்கட்டும். குறுவை சுமார் நாலு மாதத்துக்குள் முடியும், சம்பா அதைவிடக் கூட நாள் எடுக்கும் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எதிரெதிராக வைத்துச் சொன்னால்தான் கணக்கு.

கேள்வி: இயற்பியலில் 'வேலை', 'எடை' எல்லாம் தெரிந்த சொற்கள்தானே, அதில் ஏன் குழம்புகிறார்கள்?
- பி.எட். மாணவர், திருவையாறு

பதில்: தெரிந்த சொல் என்பதால்தான் தம்பி. புதுச் சொல்லுக்கு மனசில் இடம் காலியாக இருக்கும், 'வேலை'க்கு அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவர் மூட்டை மீது செய்யும் வேலை, இயற்பியல் கணக்கில் சுழி. மூட்டையைத் தரையிலிருந்து தூக்கியபோது செய்தது வேலை. பிள்ளைகள் கோபப்படுவார்கள், வியர்வை கொட்டுகிறதே என்பார்கள். கோபப்படட்டும். பலகையில் இரண்டு பத்தி போட்டு, 'ஊர் வேலை' என்று ஒன்றிலும் 'இயற்பியல் வேலை' என்று இன்னொன்றிலும் எழுதுங்கள். ஊர்ப் பொருளைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த மூட்டை தூக்குகிறவர் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அப்பாவாக இருப்பார்.