ஜாப் தெரிகிறது, கோப்புகள் தெரியவில்லை: பேக்கப் கேட்லாக்கில் நடப்பது என்ன?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பேக்குலா என்ற பேக்கப் மென்பொருளை வைத்து மூன்று சர்வர்களுக்குப் பேக்கப் எடுக்கிறோம். அதன் கேட்லாக் (எது எங்கே இருக்கிறது என்ற பதிவேடு) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு கணக்குக் கோப்பு வேண்டும். ரீஸ்டோர் கொடுத்தால் அன்றைய ஜாப் (ஒருமுறை ஓடிய பேக்கப்) தெரிகிறது, உள்ளே கோப்புப் பட்டியல் வரவில்லை. ரிடென்ஷன் (எத்தனை நாள் வைத்திருப்பது) விதிப்படி நீக்கப்பட்டிருக்கலாம் என்கிறது. டேட்டா போய்விட்டதா? இன்னொன்று, கேட்லாக் டேட்டாபேஸ் டிஸ்கையே அடைக்கிறது. பழைய ரெக்கார்டுகளை நானே அழித்துவிடலாமா?

பதில்: டேட்டா பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இன்றிரவு பேக்கப் ஓடுவதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பேக்குலாவின் கட்டளைத் திரையான கன்சோலில் அந்த ஜாப் எண்ணைக் கொடுத்து ஜாப்மீடியா பட்டியலை, அதாவது அந்த ஜாப் எந்தெந்த வால்யூமில் எழுதப்பட்டது என்பதைக் கேளுங்கள். வரும் வால்யூம்களின் (பேக்கப் எழுதப்படும் டேப் அல்லது டிஸ்க் கோப்பு) நிலையை எல்லாம் ‘ரீட் ஒன்லி’ என்று மாற்றிவிடுங்கள். அப்புறம் யாரும் அவற்றின் மேல் எழுத முடியாது. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பேக்குலா இரண்டு இடத்தில் எழுதுகிறது. கோப்பின் உள்ளடக்கம் வால்யூமுக்குப் போகிறது. எந்தக் கோப்பு, எந்த ஜாப்பில், எந்த வால்யூமில் என்ற குறிப்பு கேட்லாக்குக்குப் போகிறது. அந்தக் குறிப்புக்கும் ஆயுள் உண்டு, அதுவும் ஒரே ஆயுள் இல்லை. நீங்கள் மாற்றாவிட்டால் கோப்பு ரெக்கார்டுக்கு 60 நாள், ஜாப் ரெக்கார்டுக்கு 180 நாள், வால்யூமுக்கு 365 நாள். உங்கள் கோப்புக்கு வயது நான்கு மாதம். 60 நாளைத் தாண்டியதால் பட்டியல் போயிற்று. 180 நாள் ஆகாததால் ஜாப் நிற்கிறது. வால்யூம் மறுசுழற்சிக்குப் போயிருந்தால் அதிலிருந்த ஜாப்பின் ரெக்கார்டும் சேர்ந்தே நீங்கியிருக்கும். ஜாப் கண்ணில் படுகிறது என்பதே நல்ல அறிகுறி.

கோப்பை எடுக்க இரண்டு வழி இருக்கிறது. பட்டியல் இல்லை என்று சொன்ன கையோடு, எல்லாக் கோப்பையும் ரீஸ்டோர் செய்யவா என்று கன்சோல் கேட்கும். ஆம் என்று சொல்லலாம். பெயருக்கு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பெயரின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) கொடுத்து அந்தக் கோப்பை மட்டும் வடிகட்டவும் அது இடம் தருகிறது. எதுவானாலும் ரீஸ்டோர் போகும் இடத்தை ஒரு காலி டைரக்டரியாக வையுங்கள், இன்றைய கணக்கின் மேல் பழையது விழுந்துவிடக்கூடாது. அந்த நாள் இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது) ஓடிய நாளாக இருந்தால், கோப்பு அன்று மாறாத பட்சத்தில் அதில் இருக்காது. அதற்கு முந்தைய ஜாப்களில், கடைசி ஃபுல் ஜாப் வரை பின்னோக்கித் தேட வேண்டும்.

இன்னொரு வழி பிஸ்கேன் என்ற பேக்குலா கருவி. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் விவரத்தையும் பேக்குலா வால்யூமிலும் எழுதி வைக்கிறது. பிஸ்கேன் வால்யூமை முதலிலிருந்து கடைசிவரை படித்து, அந்த விவரங்களைத் திரும்பக் கேட்லாக்கில் ஏற்றும். கேட்லாக்கில் எழுதச் சொல்லும் சுவிட்சைக் கொடுக்க மறந்தால், படித்துக் காட்டிவிட்டு ஒன்றையும் ஏற்றாமல் முடிந்துவிடும். ஓட்டுவதற்கு முன் கோப்பு ரிடென்ஷனைக் கூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலாவதியானதைத் தானாக நீக்கும் ஆட்டோபுரூன் அடுத்த முறை வரும்போது, நீங்கள் ஏற்றியதையெல்லாம் காலாவதி என்று திரும்பத் துடைத்துவிடும்.

சரி, டிஸ்க் அடைப்பதற்கு வருவோம். இடத்தை விழுங்குவது பெரும்பாலும் ‘ஃபைல்’ என்ற ஒரே டேபிள்தான். அதில் ஒரு வரியைப் பாருங்கள்: ஜாப் எண், அந்த ஜாப்புக்குள் கோப்பின் வரிசை எண், பாதையின் எண், ‘எல்ஸ்டாட்’, செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்). பாதை மட்டும் தனி டேபிளில் ஒரே ஒருமுறை இருக்கும். எல்ஸ்டாட்டைப் பார்த்தால் இடைவெளி விட்ட எழுத்துக் குப்பை மாதிரி இருக்கும். கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதி, மாற்றிய நேரம் எல்லாவற்றையும் பேஸ்64 முறையில் சுருக்கிய வரி அது. ரீஸ்டோரின்போது பேக்குலா கோப்பின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு ஜாப்மீடியா டேபிளுக்குப் போகிறது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த வால்யூமில் இந்த இடத்தில் என்று அங்கே இருக்கும். நேராக அங்கே போய்ப் படிக்கிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். கேட்லாக் வளர்வது கோப்பின் எண்ணிக்கையால், அளவால் அல்ல. 40 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் (மொத்தப் பிரதி) ஒன்றுக்கு ஒரே வரி. 4 லட்சம் சின்னச் சின்ன ரசீதுகளுக்கு 4 லட்சம் வரி, அதுவும் ஒவ்வொரு ஃபுல் பேக்கப்புக்கும். ஆகவே தற்காலிகக் கோப்புகள், கேஷ் டைரக்டரிகள் உள்ளே வருகின்றனவா என்று, எதையெல்லாம் பேக்கப் எடுப்பது என்று சொல்லும் ஃபைல்செட்டைத் திறந்து பாருங்கள். எஸ்கியூஎல்லில் நீங்களே டெலீட் கொடுக்க வேண்டாம், டேபிள்களுக்குள் உள்ள தொடர்பு அறுந்துவிடும். காலாவதியான ரெக்கார்டுகளை நீக்கும் கன்சோலின் புரூன் கட்டளை போதும். புரூன் செய்த பிறகும் டிஸ்கில் இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம். வரிகள் போன இடத்தை போஸ்ட்கிரெஸ் தன்னிடமே வைத்துக்கொண்டு புது வரிகளுக்குப் பயன்படுத்தும். ‘வேக்கம் ஃபுல்’ கொடுத்தால் இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது டேபிளையே புதிதாக எழுதுவதால் அந்த அளவுக்குக் காலி இடம் வேண்டும், முடியும்வரை டேபிளும் பூட்டப்பட்டிருக்கும். நிரம்பி வழியும் டிஸ்கில் அதைத் தொடங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், கோப்பு ரிடென்ஷனை வால்யூம் ரிடென்ஷனுக்குச் சமமாக வையுங்கள், கேட்லாக்குக்குக் கொஞ்சம் பெரிய டிஸ்க் கொடுங்கள். ஒரு வருடம் டேட்டாவை வைத்துக்கொண்டு, அதைத் தேடும் வழியை இரண்டே மாதத்தில் அழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. நெட்பேக்கப் கேட்லாக்கைப் பிரித்து வைக்கிறது: மீடியா விவரங்கள் டேட்டாபேஸில், ஒவ்வொரு பேக்கப்பின் கோப்புப் பட்டியலும் ‘இமேஜஸ்’ டைரக்டரிக்குள் தனிக் கோப்பாக. டேட்டாபேஸை மட்டும் டம்ப் எடுத்தால் அங்கே பாதிதான் கையில் இருக்கும். ரெஸ்டிக்கில் இன்டெக்ஸ் ரெபாசிட்டரிக்குள்ளேயே (பேக்கப் டேட்டா இருக்கும் இடம்) இருக்கிறது. உங்கள் கணினியில் இருப்பது கேஷ், அழிந்தாலும் திரும்ப உருவாகும். அங்கே தொலைக்கக்கூடாதது பாஸ்வேர்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பேக்குலாவின் மாதிரி கான்ஃபிகில் கேட்லாக்கையே டம்ப் எடுக்கும் ஜாப் ஒன்று இரவு 11:10க்கு, மற்ற பேக்கப்புகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கும். அன்றைய ரெக்கார்டுகளும் சேர வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த டம்ப் போய் உட்கார்வது வால்யூமுக்குள். வால்யூமில் எங்கே என்று சொல்ல வேண்டிய கேட்லாக்கே போய்விட்டால்? அதற்குத்தான் பூட்ஸ்ட்ராப் கோப்பு. வால்யூம் பெயர், செஷன் எண், இடம் என்று சில வரிகள் கொண்ட சின்ன டெக்ஸ்ட் கோப்பு. பிஎக்ஸ்ட்ராக்ட் என்ற பேக்குலா கருவி அதைப் படித்து, கேட்லாக் இல்லாமலே டம்பை வெளியே எடுத்துவிடும்.

ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வரில் டிஸ்க் போனது. பூட்ஸ்ட்ராப் கோப்பை அதே டிஸ்கில் விட்டிருந்தேன். 11 டேப்பை ஒவ்வொன்றாகப் போட்டு பிஸ்கேன் ஓட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அந்தக் கோப்பு ஜாப் முடிந்ததும் மின்னஞ்சலில் வெளியே போய்விடும், வேறொரு இயந்திரத்திலும் ஒரு பிரதி இருக்கும், கூடவே பேக்கப்பை நடத்தும் டைரக்டர், வால்யூமில் எழுதும் ஸ்டோரேஜ் டீமன் இரண்டின் கான்ஃபிக் கோப்புகளும்.

கணக்குக் கோப்பை மீட்ட பிறகு ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்குங்கள். காலி இயந்திரம் ஒன்றில் பேக்குலாவை நிறுவி, வால்யூமின் பிரதியும் பூட்ஸ்ட்ராப் கோப்பும் மட்டும் வைத்துக்கொண்டு கேட்லாக்கைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். எந்தப் படியில் நின்றுபோனது என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.